மேல்மாடி வகுப்பு

ஐயா, வணக்கம்.

நான் இப்போது பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். பிறந்து வளர்ந்ததெல்லாம் பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுன், குயின் ஸ்திரீட் பக்கம். வாடகைக் கட்டுப்பாடு போனதும் வீட்டைக் காலி செய்துவிட்டு இக்கரைக்கு வந்தோம். இன்று தைப்பூசத்துக்கும் தீபாவளிச் சாமான் வாங்கவும்தான் அங்கே போகிறேன். நாங்கள் இருந்த வரிசையில் பாதி தங்கும் விடுதியாகிவிட்டது. ஆர்மேனியன் ஸ்திரீட்டில் சுவர் ஓவியத்தோடு படம் எடுத்துக்கொள்ள வெயிலில் வரிசை பிடித்து நிற்கிறார்கள்.

எங்கள் சங்கத்துக்கு டவுனில் ஒரு கடைவீடு உண்டு. கீழே தையல்கடை, மேல்மாடியில் சனிக்கிழமை தேவார வகுப்பு. ஒரு விடுதிக்காரர் மொத்தமாகக் குத்தகைக்குக் கேட்கிறார். செயற்குழுவில் இருக்கும் என் தாய்மாமா, "பழைய டவுன் இனி சுற்றுப்பயணிகளுக்குத்தான், நாம் பிடிவாதம் பிடித்து என்ன ஆகப்போகிறது" என்கிறார். இந்தக் காலத்தில் ஒரு பழைய நகரம் பண்பாட்டோடு உயிர்ப்பாக இருக்க முடியுமா? மாமாவுக்கு நான் என்ன சொல்வது?

ஒரு வாசகி, பட்டர்வொர்த்

*

அன்புள்ள சகோதரிக்கு,

முடியும். மாமாவிடம் தயங்காமல் சொல்லுங்கள். ஆனால் கட்டடங்கள் யார் கையில் இருக்கின்றன, அவர்கள் யாரைக் குடிவைக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அது நடக்கும். அந்த வகையில் உங்கள் சங்கத்தின் ஒரு கடைவீடு சின்ன விஷயமே அல்ல.

2008 ஜூலை 7 அன்று யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் மலாக்காவோடு சேர்ந்து இடம்பிடித்த பிறகுதான் டவுன் காலியானது என்று நம்மவர்கள் பேசிக்கொள்கிறார்கள். குடிபெயர்வு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1948 பிப்ரவரிக்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையை 1966ஆம் ஆண்டுச் சட்டம் கட்டிப்போட்டிருந்தது. பினாங்கில் மட்டும் அப்படி ஏறத்தாழ 12,000 கட்டடங்கள். 1997இல் சட்டம் நீக்கப்பட்டது. அவகாசம் முடிந்து 2000 ஜனவரி 1 முதல் கட்டுப்பாடு அடியோடு போனது. வீட்டுக்காரர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அந்த வாடகையில் ஓடு மாற்றக்கூடக் காசு தேறாது. ஆனால் பல தலைமுறையாக இருந்தவர்கள் ஃபார்லிம், ஆயர் ஈத்தாம் போன்ற புறநகர்களுக்கும், உங்களைப் போல் அக்கரைக்கும் போனார்கள். பாரம்பரியப் பட்டியல் வந்து, காலியான வீடுகளுக்கு விலையும் ஏற்றியது.

இதில் எனக்கு ஆறாத ஒன்று உண்டு. யுனெஸ்கோ ஜார்ஜ்டவுனைத் தேர்ந்தெடுக்கச் சொன்ன காரணங்களில் ஒன்று, ஆசியாவின் பல்லினப் பண்பாட்டுக்கு இந்த நகரம் வாழும் சாட்சி என்பது. 2016இல் அரசிதழில் வந்த சிறப்புப் பகுதித் திட்டம் கட்டடத்தின் உயரத்தையும் முகப்பையும் கூரையையும் காக்கிறது. அது தேவைதான், இல்லையென்றால் பாதி வரிசைகள் இந்நேரம் அடுக்குமாடிகளாகியிருக்கும். அந்த முகப்புக்குள் உட்கார்ந்து தைக்கிறவரைக் காக்க அதனால் ஆகாது.

குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயில் பக்கம் பூக்கட்டும் ஓர் அக்கா இருக்கிறார். மாலை ஐந்து மணிக்கு மேல் போய் நின்று பாருங்கள். கால் கட்டைவிரலில் நாரை மாட்டி இழுத்து, இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம் வைத்து முடிச்சுப் போட்டுக்கொண்டே, "வெள்ளிக்கிழமைக்கு எத்தனை முழம்?" என்று கேட்பார். கை நிற்காது. முன்பு அதே வரிசையில் மேல்மாடியில் குடியிருந்தார். ராத்திரி பத்து மணிக்குத் திடீர்ச் சாவு என்றாலும் கீழே இறங்கி வந்து மாலை கட்டிக் கொடுப்பார். இப்போது ஃபார்லிமிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து போகிறார். எட்டு மணிக்கெல்லாம் பூக்கூடையைக் கட்டிவைத்துவிடுகிறார். கோயில் 1833இல் எழுந்தது, அது அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் அந்த ராத்திரி மாலை டவுனில் இப்போது கிடையாது. பட்டியலில் எழுத முடியாத இழப்பு இது, என் கண்ணில் பெரிய இழப்பும் இதுதான்.

இதற்கு எதிராகவும் ஒரு சாட்சி இருக்கிறது. பினாங்கு ஸ்திரீட்டில் செட்டியார்கள் சேர்ந்து தங்கித் தொழில் நடத்திய கிட்டங்கிகள் இருந்த காலம் போய்விட்டது. கடன் கொடுத்து வாங்கும் பெட்டியடிகளும் போய்விட்டன. ஆனாலும் தைப்பூசத்துக்கு முதல் நாள் விடியற்காலையில், 1894இல் காரைக்குடியிலிருந்து வந்த வெள்ளி ரதம் அந்தத் தெருக் கோயில் வீட்டிலிருந்துதான் புறப்படுகிறது. காளை பூட்டி, தண்ணீர்மலைச் சாலையில் 1857இல் கட்டிய நகரத்தார் கோயிலுக்குப் போய்ச் சேர ராத்திரியாகிவிடும். வழி நெடுகச் சீனக் குடும்பங்கள் தேங்காயை மலையாகக் குவித்து உடைக்கின்றன. சாக்கடையில் இளநீர் ஓட, சிதறிய ஓடுகளை மண்வாரியால் ஒதுக்கித்தான் ரதத்துக்கு வழிவிட வேண்டியிருக்கிறது. அந்த வணிகம் போயும் ரதம் ஏன் நிற்கவில்லை? பக்தி ஒரு காரணம். கோயில் வீடு சமூகத்தின் கையில் இருக்கிறது, விலைக்குப் போகவில்லை என்பது இன்னொரு காரணம். பக்தி மட்டும் இருந்து வீடு போயிருந்தால் ரதம் எந்த வாசலிலிருந்து புறப்படும்?

கொஞ்சம் சுற்றிப் பாருங்கள். 1801இல் காதர் மொகிதீன் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்கு, அறத்துக்கென எழுதிவைத்த வக்ஃபு நிலம். சீனர்களின் குலச் சங்கங்களான கொங்சிகளுக்கு வரிசை வரிசையாகக் கடைவீடுகள். நம் கோயில்களுக்கும் சங்கங்களுக்கும் ஆங்காங்கே ஒன்றிரண்டு. சந்தை விலைக்கு ஓடியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லாத உரிமையாளர்கள் இத்தனை பேர் இருக்கும் பழைய நகரம் அரிது. 2010 முதல் நடக்கும் ஜார்ஜ்டவுன் விழாவை நான் விரும்பிப் போய்ப் பார்க்கிறவன். நல்ல நாடகம், நல்ல இசை எல்லாம் பார்த்திருக்கிறேன். ஆனால் விழா சில வாரத்தில் முடிந்துவிடும். மற்ற மாதங்களில் ஒத்திகை பார்க்க ஒரு மாடி, மிருதங்கம் பழக ஓர் அறை, தையல்காரருக்குக் கடை முன்னால் கூரையுள்ள ஓர் அஞ்சடி நடைபாதை வேண்டாமா? அதைக் கொடுக்க உங்கள் சங்கம் போன்றவர்களால்தான் முடியும்.

மாமாவின் கவலையையும் நான் தள்ளவில்லை. கூரை ஒழுகும், வரி கட்டவேண்டும், பிள்ளைகளுக்குக் கல்வி நிதி கொடுக்கவேண்டும். அதனால் விடுதிக்காரரை ஒரேயடியாக விரட்டச் சொல்லமாட்டேன். கீழ்க்கடையின் பின்பகுதியையோ நடுக்கட்டையோ வேறொருவருக்குக் கூடுதல் வாடகைக்கு விட்டு, அதில் ஓடு மாற்ற முடியுமா என்று முதலில் கணக்குப் பாருங்கள். முன்பக்கம் தையல்காரருக்கு எழுத்தில் ஐந்தாண்டு ஒப்பந்தம் கொடுங்கள். மாதா மாதம் காலி செய்யச் சொல்வார்களோ என்ற பயத்தில் யாரும் ஒரு பையனைச் சேர்த்துத் தொழில் சொல்லித்தரமாட்டார்கள். மேல்மாடியை எந்த ஒப்பந்தத்திலும் சேர்க்கவேண்டாம். சனிக்கிழமை வகுப்புக்கு இப்போது எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஏழெட்டுப் பேர்தான் என்றாலும் வெட்கப்படாதீர்கள், மற்ற நாட்களில் அந்த மாடியை உறுமி மேளப் பையன்களுக்குத் திறந்துவிடுங்கள். சத்தம் என்று பக்கத்து விடுதி புகார் சொன்னால் சொல்லட்டும், மேளம் அந்தத் தெருவுக்குப் புதிதல்ல.

இதையெல்லாம் செயற்குழுவோடு முடித்துவிடாமல் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தீர்மானமாக வைக்கச் சொல்லுங்கள். உங்களைப் போல் அக்கரையில் இருக்கும் உறுப்பினர்களும் அன்று ஃபெர்ரி ஏறி வந்து கை தூக்கவேண்டும். கூட்டத் தேதி தெரிந்ததும் எனக்கு எழுதுங்கள். வெளியார் உட்கார அனுமதி உண்டென்றால் நானும் வருகிறேன்.

அன்புடன்.