வடிகட்டியை உள்ளே வையுங்கள், பாப்பாவின் எடையைப் பாருங்கள்

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது மாதம். டப்பா உணவு வேண்டாமென்று கேழ்வரகுப் பால், சத்துமாவுக் கஞ்சி, காய்கறி சூப் எல்லாம் வீட்டிலேயே செய்து வடிகட்டித் தருகிறேன். இட்லியைப் பிசைந்து கொடுத்தால் ஓங்கரிக்கிறாள். மலத்தில் கேரட் அப்படியே வருகிறது, மூக்கு நுனி மஞ்சளாகத் தெரிகிறது. ஏழாம் மாதம் எடை 6.9 கிலோ, இப்போதும் அதேதான். கேழ்வரகு குழந்தைக்குச் செரிக்காது என்று இணையத்தில் படித்தேன். பசி டானிக் கொடுக்கலாமா, இல்லை டப்பாவுக்கே மாறிவிடட்டுமா?

பதில்: டப்பாவுக்கு மாற வேண்டாம், டானிக்கும் வேண்டாம். ஆனால் இந்த வாரமே பாப்பாவைக் குழந்தைகள் மருத்துவரிடம் காட்டுங்கள். கேரட்டுக்காகவோ ஓங்கரிப்புக்காகவோ இல்லை. கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த எடைக்காக.

6.9 என்பது பயப்படும் அளவு இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி வரைபடத்தில் ஒன்பது மாதப் பெண் குழந்தைக்கு நடுக்கோடு 8.2 கிலோ, எடை குறைவு என்று சொல்லும் கோடு 6.5. அதற்கு மேலேதான் இருக்கிறாள். ஒல்லியான குழந்தையைப் பார்த்து நான் கவலைப்படுவதில்லை, எடை ஏறாமல் நிற்கும் குழந்தையைப் பார்த்தால் கவலைப்படுவேன். இந்த வயதில் இரண்டு மாதத்தில் அரைக் கிலோவாவது ஏறியிருக்க வேண்டும். முதலில் ஒரே தராசில், துணியில்லாமல் மறுபடி நிறுத்துப் பாருங்கள், தராசு மாறினாலே கால் கிலோ முன்னே பின்னே காட்டும். அப்போதும் ஏறவில்லை என்றால் சிறுநீரில் கிருமி இருக்கிறதா, ரத்தம் குறைவா, பால் குடிக்கும்போது வியர்க்கிறதா, மூச்சு வாங்குகிறதா, வீட்டில் யாருக்காவது நாள்பட்ட இருமல் உண்டா என்றெல்லாம் மருத்துவர் பார்க்க வேண்டும். பால் குடிக்கையில் மூச்சு வாங்கினாலோ, உட்கார்ந்து விளையாடியவள் துவண்டு கிடந்தாலோ அன்றைக்கே போங்கள்.

இதெல்லாம் இருக்காது, சாப்பாடுதான் நீர்த்துவிட்டது என்பது என் எண்ணம். ஏழு கிலோ குழந்தையின் வயிறு ஒரு வேளைக்கு ஏறக்குறைய 200 மில்லிதான் கொள்ளும். தாய்ப்பால் போக நாளைக்கு 300 கலோரி உணவிலிருந்து வர வேண்டிய வயது இது. அந்தச் சின்ன வயிற்றை நீர்க்கஞ்சியால் நிரப்பினால் வயிறு நிறையும், உடம்பு தேறாது. பிளாஸ்க்கில் கஞ்சி கொண்டுவரும் அம்மாக்களிடம் ஒரு ஸ்பூன் எடுத்துச் சாய்க்கச் சொல்வேன், முக்கால்வாசிப் பேருக்கு அது தண்ணீராக ஓடும். சாய்த்தாலும் ஸ்பூனிலேயே நிற்க வேண்டும், அதுதான் பதம். கேழ்வரகின் சுண்ணாம்புச்சத்தில் பெரும்பகுதி அதன் தோலில் இருக்கிறது, அதைத்தான் திப்பி என்று கொட்டுகிறீர்கள். சூப்பிலும் அப்படியே, காயைப் பிழிந்து எறிந்துவிட்டு அது வெந்த தண்ணீரைக் கொடுக்கிறோம்.

கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து, லேசாக மட்டும் வறுத்து அரையுங்கள். முளைகட்டிய மாவு கஞ்சியை இறுக விடாது. அதனால் அதே கிண்ணத்தில் கூடுதல் மாவு போடலாம், களியாகாது. நன்றாக வேகவைத்து இறக்கி, ஒரு டீஸ்பூன் நெய்யோ நல்லெண்ணெயோ விடுங்கள், அதிலேயே 45 கலோரி வந்துவிடும். பருப்புச் சாதம், வேகவைத்த முட்டை, முள் நீக்கிய மீன் எல்லாம் இப்போதே கொடுக்கலாம். நாளைக்கு மூன்று நான்கு வேளை, தாய்ப்பாலும் தொடரட்டும். உப்பும் சர்க்கரையும் ஒரு வயதுவரை தேவையில்லை. தேன் மட்டும் நாக்கில் தொட்டுக்கூட வைக்காதீர்கள், அதிலுள்ள கிருமி ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தையின் தசைகளை முடக்கிவிடும்.

இட்லிக்கு ஓங்கரிப்பது தொண்டை பழகும் விதம். சத்தம் வருகிறது, இருமுகிறாள் என்றால் மூச்சுவழி திறந்திருக்கிறது. பத்து நாள் பொறுமையாகக் கொடுங்கள், பழகிவிடுவாள். சத்தமே வராமல் முகம் நீலம் பாய்வதுதான் ஆபத்து, அதனால் முழு வேர்க்கடலை, திராட்சை கூடாது. மலத்தில் கேரட் வருவது ஒன்றுமில்லை. மஞ்சள் மூக்கும் கேரட்டால்தான், கண்ணின் வெள்ளை வெள்ளையாகவே இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கேழ்வரகு செரிக்காது என்று எழுதியவர் உங்கள் பாப்பாவைப் பார்த்தவரில்லை, விட்டுவிடுங்கள்.

பசி டானிக் என்று கடையில் தருவதில் பெரும்பாலும் இருப்பது தூக்கம் வரவழைக்கும் அலர்ஜி மருந்து. இரண்டு வயதுக்குக் கீழ் நான் எழுதுவதே இல்லை, பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கேட்டது என்பதற்காக ஒன்பது மாதக் குழந்தைக்கு ஊற்றுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. பசியின்மைக்கு ரத்தசோகையே காரணமாக இருக்கலாம். பிறக்கும்போது கொண்டுவந்த இரும்புச்சத்து ஆறு மாதத்தோடு தீரத் தொடங்கும், தாய்ப்பாலில் அது குறைவு. ஆறு மாதத்திலிருந்து வாரம் இருமுறை கொடுக்கும் இரும்புச்சத்து சிரப் அரசு சுகாதார நிலையத்தில் இலவசம். ஒன்பது மாதத் தட்டம்மை ரூபெல்லா ஊசிக்குப் போக வேண்டுமே, அப்போது அட்டையையும் கொண்டுபோய் எடையைக் குறிக்கச் சொல்லுங்கள், சிரப்பையும் கேளுங்கள். இரண்டு வாரம் கழித்து அதே தராசில் மறுபடி நிறுத்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.