மருந்து கலக்கறப்போ கார்டு பாத்தா தப்பா?

குடியாத்தத்துல இருந்து தினமும் பஸ் புடிச்சி வேலூர் வந்து ஓ.டி. (ஆபரேஷன் தியேட்டர்) ட்ரெயினிங் எடுக்கற ஒரு நர்ஸ் தங்கச்சி கேட்டிருக்கா: "அக்கா, மயக்க மருந்துங்கள சிரிஞ்சில லோடு பண்றப்போ டைல்யூஷன் (சலைன் கலந்து நீர்க்க வைக்கற கணக்கு) கொழம்புது, அத எழுதி வச்ச கார்டு பாத்தா 'இதுகூட மனப்பாடம் இல்லியா'ன்றாங்க சீனியருங்க. வச்சிக்கலாமா? எப்படி எழுதறது?"

தாராளமா வச்சிக்கோம்மா. பிபி ஏத்தற அட்ரினலின் ஆம்ப்யூல்ல (சின்ன கண்ணாடி மருந்துக் குப்பி) 1 மி.லி.க்கு 1 மி.கி. இருக்குது, அத 10 மி.லி. ஆக்கினா மி.லி.க்கு 100 மைக்ரோகிராம், அதுல 1 மி.லி. எடுத்து மறுபடி 10 மி.லி. ஆக்கினா மி.லி.க்கு 10 மைக்ரோகிராம், எல்லாமே பாக்கறதுக்கு வெறும் தண்ணி மாதிரி, நடுவுல யாராச்சும் கூப்ட்டா எந்த ஸ்டெப்ல நின்னோம்னே மறந்துடும். ஒரு ஸ்டெப் விட்டா பத்து மடங்கு டோஸ். இதுல மனப்பாடத்த மட்டும் நம்பச் சொல்றவங்க பேச்ச நான் ஒத்துக்கவே மாட்டேன்.

கார்ட புக்க பாத்து எழுதாத, உங்க ஓ.டி.க்கு வர்ற ஆம்ப்யூல கையில வச்சிக்கினு எழுது. தசை தளர்த்தற வெக்குரோனியம் 4 மி.கி.யும் வருது, 10 மி.கி.யும் வருது, ஃபார்மசில மாத்தி அனுப்பினா பழைய கார்டே ஆள கவுத்துடும். மருந்து பேரு, ஆம்ப்யூல்ல எவ்ளோ, சலைன் எவ்ளோ, கடைசில மி.லி.க்கு எவ்ளோ, அவ்ளோதான். மைக்ரோகிராம்னு முழுசா எழுது, 0.5க்கு முன்னாடி சைபர் போடு, 5ன்னா 5.0ன்னு எழுதாத, புள்ளி தெரியலன்னா 50 ஆயிடும். அனஸ்தீசியா டாக்டர்கிட்ட காட்டி தேதியோட கையெழுத்து வாங்கிக்கோ.

புதுசுல ஒவ்வொரு வரியா படிச்சி, படிச்சத மட்டும் செய். கை பழகினப்புறம் செஞ்சிட்டு கார்டோட சரிபாரு. ஒரு நேரத்துல ஒரே மருந்து, லேபிள் ஒட்டாம சிரிஞ்ச கீழ வைக்கவே வைக்காத. தசை தளர்த்தற மருந்துக்கு சிவப்பு, ஓபியாய்டுக்கு (மார்ஃபின் மாதிரி வலி மருந்து) நீலம், பிபி ஏத்தற மருந்துக்கு ஊதான்னு கலர் இருக்குது, ஆனா கலர பாத்து எடுக்காத, பேர படி.

ஸ்பைனல் ட்ரேக்கு (முதுகுல ஊசி போட்டு மரத்துப் போக வைக்கற மருந்து வைக்கற ட்ரே) தனி கார்டு போடு. மரத்துப் போக வைக்கற பூபிவக்கெய்ன்னு நெனச்சி, ரத்தப்போக்க நிறுத்தற ட்ரானெக்ஸாமிக் ஆசிட்ட முதுகுல போட்டு உயிரே போயிருக்குது, ரெண்டு ஆம்ப்யூலும் ஒரே மாதிரி இருக்கறதால 2022ல உலக சுகாதார நிறுவனமே எச்சரிக்கை விட்டாங்க. அதனால அந்த கார்டுல மொத வரியே "ட்ரானெக்ஸாமிக் ஆசிட் இந்தப் பக்கம் வரக்கூடாது"ன்னு இருக்கட்டும்.

கார்ட லேமினேட் பண்ணி மருந்து ட்ராலிலயே மாட்டிடு, ஃபோன்ல வேணாம். சீனியர் எதுனா சொன்னா, "அக்கா, நான் சத்தமா படிக்கறேன், நீங்க ஆம்ப்யூல பாத்து சரியான்னு சொல்லுங்க"ன்னு கேளு.