கற்பித்தல் பயிற்சியின் கடைசி வாரம்

மதிப்பிற்குரிய ஐயா,

தொடக்கப் பள்ளி ஒன்றில் என்னுடைய கற்பித்தல் பயிற்சி அடுத்த வாரத்துடன் முடிகிறது. கல்வியாண்டின் நடுவில் மூன்றாம் வகுப்பில் சேர்ந்து, பின்வரிசையில் அமர்ந்து உற்றுநோக்குவதில் தொடங்கி, இப்போது முழுநாளும் நானே வகுப்பை நடத்துகிறேன். மேற்பார்வையாளரும் நல்லபடியாகவே எழுதியிருக்கிறார். ஆனால் வழிகாட்டி ஆசிரியை வெளியே சென்ற ஒரு பிற்பகலில் வகுப்பு என் கட்டுக்குள் நிற்கவில்லை. பிள்ளைகள் இத்தனை நாளும் அடங்கியிருந்தது அவருக்காகத்தான் என்று தோன்றுகிறது. 52-இலிருந்து 27-ஐக் கழித்து எப்போதும் 35 என்று எழுதும் ஒரு மாணவனை உட்காரவைத்து, அவன் எப்படிப் போடுகிறான் என்று வாய்விட்டுச் சொல்லச்செய்து காரணம் கண்டுபிடித்தேன். அதைத் தவிர எனக்கென்று சொல்ல எதுவும் இல்லை. பிள்ளைகளோ, “திரும்ப வருவீங்களா டீச்சர்?” என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். என்ன பதில் சொல்வது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் சந்தேகம் சரியானதே. அந்த அமைதி உங்கள் வழிகாட்டி ஆசிரியை உருவாக்கியது. நோட்டுகளை எந்த வரிசையிலிருந்து கொண்டுவர வேண்டும், எந்தச் சைகைக்குப் பேச்சை நிறுத்த வேண்டும், வேலையை முன்னதாக முடித்தவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதையெல்லாம் அவர் ஆண்டின் தொடக்க வாரங்களில், நீங்கள் அங்கே இல்லாத நாட்களில், சலிக்காமல் பழக்கியிருப்பார். நடுவில் வந்து சேர்பவர் கண்ணுக்கு அந்த உழைப்பு தெரியாது. பிள்ளைகள் இயல்பிலேயே அடக்கமானவர்கள் என்றோ, ஆசிரியையின் பார்வைக்கு ஏதோ சக்தி இருக்கிறது என்றோதான் தோன்றும்.

ஜேக்கப் கூனின் என்ற அமெரிக்க உளவியலாளர் வகுப்பறைகளைப் படம்பிடித்து ஆராய்ந்து 1970-இல் வெளியிட்ட முடிவு இங்கே பொருந்தும். ஒழுங்காக நடக்கும் வகுப்பின் ஆசிரியரும் குலைந்துபோகும் வகுப்பின் ஆசிரியரும், தவறு நடந்தபின் கண்டிக்கும் முறையில் பெரிதாக வேறுபடவில்லை. எல்லா மூலைகளிலும் நடப்பது தமக்குத் தெரியும் என்று பிள்ளைகளுக்கு உணர்த்துவதிலும், ஒரு வேலையிலிருந்து அடுத்ததற்குத் தொய்வில்லாமல் நகர்த்துவதிலும்தான் வேறுபட்டார்கள். உங்கள் பிற்பகல் எந்த நிமிடத்தில் குலைந்தது என்று நினைத்துப் பாருங்கள். பாடத்தின் நடுவில் அல்லாமல், ஒரு நோட்டை மூடி அடுத்ததைத் திறக்கும் இடைவெளியில்தான் அது தொடங்கியிருக்கும் என்பது என் ஊகம்.

ஆகவே, கிளம்புவதற்கு முன் வழிகாட்டி ஆசிரியையிடம் ஒரு மணி நேரம் கேட்டு வாங்குங்கள். உங்களைப் பற்றிய அபிப்பிராயத்தைக் கேட்க வேண்டாம். அதுதான் ஏற்கெனவே எழுத்தில் வந்துவிட்டதே. ஆண்டின் முதல் பத்து நாட்களில் அவர் என்ன செய்தார் என்று கேளுங்கள். பொதுவாகக் கேட்டால், “பழகப் பழக வந்துவிடும்” என்பார்; கைவந்த வித்தையை விளக்கத் தெரியாதவர்களே அதிகம். முதல் நாள் பைகளை எங்கே வைக்கச் சொன்னார், வரிசையில் நிற்க எத்தனை முறை பழக்கினார், சைகைக்கு நிற்காத பிள்ளையை முதல் தடவை என்ன செய்தார் என்று துருவிக் கேளுங்கள். உங்களுக்கென்று ஒரு வகுப்பு கிடைக்கும் நாளில் முதலில் கைகொடுக்கப்போவது இந்தக் குறிப்புகள்தான்.

அந்தக் கழித்தல் கணக்கை நீங்கள் போகிறபோக்கில் சொல்லிவிட்டீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தின் மையமே அதுதான். 2-இலிருந்து 7 போகாது என்று கண்டதும், அந்தச் சிறுவன் திருப்பிப்போட்டு 7-இலிருந்து 2-ஐக் கழித்து 5 என்று எழுதுகிறான். அடுத்து 5-இலிருந்து 2 போக 3. இதில் கவனக்குறைவே இல்லை. பெரியதிலிருந்து சிறியதைக் கழிப்பது என்று அவனிடம் ஒரு விதி இருக்கிறது. கடன் வாங்கத் தேவையில்லாத கணக்குகளில் அந்த விதி சரியான விடையையே தந்துவந்ததால், அது பிழை என்று அறிய அவனுக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. பிள்ளைகளின் கழித்தல் பிழைகள் பல இப்படி ஒழுங்கான தவறான விதிகளிலிருந்து பிறப்பவை என்பதை ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற ஆய்வாளர்கள் 1978-இல் விரிவாக எழுதியிருக்கிறார்கள். சிவப்பு மையில் பெருக்கல்குறி போட்டு நகர்ந்திருந்தால் நீங்கள் அந்த விதியைக் கண்டிருக்க முடியாது. இதை நீங்கள் எவரிடமிருந்தும் இரவல் பெறவில்லை.

திரும்ப வருவீர்களா என்ற கேள்விக்கு, நாள் குறித்திருந்தால் ஒழிய, வருவேன் என்று சொல்லாதீர்கள். எட்டு வயதுப் பிள்ளை அதை உபசார வார்த்தையாக எடுத்துக்கொள்ளாமல் திங்கட்கிழமையே வாசலைப் பார்க்கும். எந்த நாள் உங்கள் கடைசி நாள் என்பதை இப்போதே சொல்லிவிடுங்கள். அன்று பிற்பகல் திடீரென்று அறிவித்து, அழவைத்துவிட்டுக் கிளம்புவது நியாயமில்லை. பாடங்களையும் நாளுக்கொன்றாக ஆசிரியையிடம் திருப்பிக் கொடுத்துவாருங்கள்.

அந்தச் சிறுவனைப் பற்றி மட்டும் ஒரு பக்கம் எழுதி அவரிடம் ஒப்படையுங்கள்: அவன் விதி என்ன, பத்துக் குச்சிகள் கொண்ட கட்டை அவிழ்த்து ஒன்றுகளாக்கிக் காட்டினீர்களா, இன்னும் எங்கே தடுக்குகிறான் என்று. அவன் நோட்டின் பக்கத்தை உங்கள் பயிற்சிக் கோப்பில் சேர்க்க விரும்பினால், பள்ளியின் அனுமதி பெற்று, பெயரை மறைத்துப் படியெடுத்துக்கொள்ளுங்கள்.