எடை ஏறவில்லை, ஆனால் எழுந்திருக்க முடியவில்லை: வயதானவர்களின் தசை இழப்பு பற்றிக் கேள்வி பதில்

வயதானவர்களுக்குத் தசை குறைவது, தொப்பை கூடுவது பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறைய கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்திருக்கிறேன். நான் பிசியோதெரபிஸ்ட். பதினெட்டு வருடமாக வீடு வீடாகப் போய்ப் பெரியவர்களை நடக்க வைப்பதுதான் பிழைப்பு. மாத்திரையைக் கூட்டுவது குறைப்பது என் வேலை இல்லை, அதற்கு உங்கள் டாக்டர் இருக்கிறார்.

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. பதினைந்து வருடமாக 72 கிலோதான், அதைப் பெருமையாகவே சொல்வார். இப்போது டாக்டர், தசை குறைந்துவிட்டது என்கிறார். தொப்பை இருக்கும்போது தசை எப்படிக் குறையும்?

எடை மெஷின் மூட்டையைத்தான் நிறுக்கும். உள்ளே அரிசி எவ்வளவு, கல் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. ஐந்து கிலோ தசை போய் ஐந்து கிலோ கொழுப்பு வந்திருந்தால் முள் அசையவே அசையாது. உங்கள் அப்பாவுக்கு நடந்திருப்பது பெரும்பாலும் அதுதான்.

முப்பது வயதைத் தாண்டியதும் பத்து வருடத்துக்கு 3 முதல் 8 சதவீதம் தசை குறைகிறது. அறுபதுக்கு மேல் வேகம் கூடும். அளவு குறைவதைவிட பலம் குறைவதுதான் இன்னும் வேகம். அதிலும் முதலில் அடிபடுவது சட்டென்று சுருங்கி இயங்கும் இழைகள். கால் இடறினால் அடுத்த காலைச் சடாரென்று முன்னே வைத்துச் சுதாரித்துக்கொள்கிறோமே, அது அந்த இழைகளின் வேலை. வயதானவர்கள் 'வழுக்கி' விழுவதைவிட 'சுதாரிக்க முடியாமல்' விழுவதே அதிகம் என்று எனக்குத் தோன்றும்.

இதற்கு சார்கோபீனியா என்று பெயர். 1989இல் இர்வின் ரோசன்பர்க் என்ற அமெரிக்க மருத்துவர் வைத்த பெயர். கிரேக்கத்தில் 'சதை வறுமை' என்று பொருள். கூடவே கொழுப்பும் ஏறினால் இரட்டைத் தொல்லை. நம் வீட்டுப் பாட்டிகள் 'ஊளைச்சதை' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்ட விஷயம்தான்.

ஒன்று இன்னொன்றை எப்படி இழுக்கிறது என்று பாருங்கள். சாப்பிட்ட சோற்றின் சர்க்கரையில் பெரும்பங்கு போய்ச் சேருமிடம் தசை. குதிர் சிறுத்துவிட்டால் நெல் வெளியேதான் கொட்டும். ரத்தத்தில் சுகர் ஏறும், மிச்சம் கொழுப்பாக வயிற்றில் சேரும். அந்தக் கொழுப்பு தசை இழைகளுக்கு நடுவிலும் புகுந்து அதன் தரத்தைக் கெடுக்கும். தளர்ந்த ஆள் குறைவாக நடப்பார், குறைவாக நடந்தால் இன்னும் தளர்வார்.

நம் ஊர் உடம்பில் இது சீக்கிரமே தொடங்குகிறது. 2004இல் புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யூட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்ட படம் ஒன்று லான்செட் மருத்துவ இதழில் வந்தது. உயரத்துக்கு எடை சரியா என்று பார்க்கும் பிஎம்ஐ கணக்கு இருவருக்கும் 22.3. உடல் கொழுப்போ யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒல்லியாகத் தெரிகிறோம் என்று நாம் நிம்மதியாக இருந்துவிட முடியாது.

கேள்வி: ஸ்கேன் எதுவும் இல்லாமல் வீட்டிலேயே தெரிந்துகொள்ள வழி உண்டா?

உண்டு. கையில்லாத, ஆடாத ஒரு நாற்காலி போதும். பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும், சுவரில் ஒட்டிப் போடுங்கள். பக்கத்தில் ஒரு ஆள் நிற்கட்டும். கைகளை நெஞ்சின் குறுக்கே கட்டிக்கொண்டு ஐந்து முறை முழுதாக எழுந்து உட்கார வேண்டும். ஆசிய நாடுகளுக்கான 2019 வரையறைப்படி இதற்கு 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் யோசிக்க வேண்டும். கையை ஊன்றாமல் ஒரு முறைகூட எழ முடியவில்லை என்றால் விநாடிக் கணக்கே தேவையில்லை.

அடுத்தது தையல் டேப். ஆடுசதையின் பருத்த இடத்தில் சுற்றளவு ஆண்களுக்கு 34 செ.மீ., பெண்களுக்கு 33 செ.மீ.க்குக் கீழே இருந்தால் சந்தேகம். டேப் இல்லையா? ஜப்பானில் ஒரு சுலப வழி வைத்திருக்கிறார்கள். இரண்டு கை கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வளையமாக்கி ஆடுசதையைச் சுற்றிப் பிடியுங்கள். விரல்கள் சந்தித்தும் நடுவில் இடம் மிஞ்சினால் தசை குறைவாக இருக்கலாம். கால் வீக்கம் இருப்பவர்களிடமும் உடம்பு பருத்தவர்களிடமும் இந்த அளவு ஏமாற்றிவிடும். அவர்களுக்கு நாற்காலிச் சோதனைதான்.

நடையையும் பாருங்கள். ஆறு மீட்டர், அதாவது ஏறக்குறைய இருபது அடி. வழக்கமான நடையில் ஆறு விநாடிக்கு மேல் ஆனால் மெதுவான நடை. மருத்துவமனையில் கைப்பிடி பலமும் அளப்பார்கள். ஆண்களுக்கு 28 கிலோ, பெண்களுக்கு 18 கிலோவுக்குக் கீழே போனால் குறைவு.

நான் ஒரு வீட்டுக்குப் போனால் இதெல்லாம் செய்வதற்கு முன்பே பாதி தெரிந்துவிடும். 'வாங்க தம்பி' என்று சொல்லிவிட்டு ஐயா எப்படி எழுகிறார் என்று பார்ப்பேன். முதலில் இரண்டு கையும் கைப்பிடியைத் தேடும். உடம்பு முன்னும் பின்னும் இரண்டு ஆட்டம் ஆடும். மூன்றாவது ஆட்டத்தில் 'முருகா' என்று எழுவார். அந்த 'முருகா' வந்துவிட்டால் தொடையில் சரக்கு இல்லை என்று அர்த்தம்.

கேள்வி: அம்மாவுக்கு 66 வயது, 78 கிலோ. முட்டி வலிக்கு எடையைக் குறைக்கச் சொன்னார்கள். ராத்திரி சாப்பாட்டை நிறுத்திவிட்டு வெறும் பப்பாளி சாப்பிடுகிறார். ஐந்து கிலோ இறங்கியிருக்கிறது, ஆனால் முன்னைவிடத் தள்ளாடுகிறார். ஏன்?

இறங்கிய ஐந்து கிலோவில் தசையும் இருக்கிறது, அதுதான் காரணம். பட்டினி கிடந்து இளைத்தால் போவதில் ஏறக்குறைய கால் பங்கு தசை முதலான கொழுப்பல்லாத சதை. முப்பது வயதில் அதைத் தாங்கலாம், 66இல் அது சேமிப்பிலிருந்து எடுப்பது மாதிரி. போதாததற்கு, பிறகு எடை திரும்பும்போது கொழுப்பாகவே அதிகம் திரும்பும்.

அதற்காக எடையே குறைக்கக் கூடாது என்று சொல்லவில்லை. அந்த முட்டிக்கு எடை குறைந்தாக வேண்டும். எப்படிக் குறைப்பது என்பதுதான் கேள்வி. 2017இல் அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டிய, உடல் பருமனுள்ள 160 பேரை வைத்து ஒரு ஆய்வு வந்தது. உணவுக் கட்டுப்பாட்டோடு ஒரு குழு நடை மாதிரியான பயிற்சி செய்தது, ஒரு குழு பளு பயிற்சி, இன்னொன்று இரண்டும். ஆறு மாதத்தில் மூன்று குழுவிலும் எடை 9 சதவீதம் குறைந்தது. ஆனால் நடை மட்டும் செய்தவர்கள் கொழுப்பல்லாத சதையில் 5 சதவீதம் இழந்தார்கள். பளு தூக்கியவர்கள் 2 சதவீதம், இரண்டும் செய்தவர்கள் 3 சதவீதம். அன்றாட வேலைகளைச் செய்யும் திறன் இரண்டும் செய்தவர்களுக்கு 21 சதவீதம் கூடியது, மற்ற இரு குழுவுக்கும் 14.

ஆகவே அம்மாவை ராத்திரி சாப்பிடச் சொல்லுங்கள். சோறு, இட்லியின் எண்ணிக்கையைக் குறைத்து முட்டையோ பருப்போ பனீரோ வைக்கலாம். பப்பாளி நல்ல பழம்தான், ஆனால் அதில் புரதம் இல்லாத மாதிரிதான். மாதத்துக்கு ஒன்று, ஒன்றரை கிலோவுக்கு மேல் குறைக்க அவசரப்பட வேண்டாம். கூடவே நாற்காலியிலிருந்து எழும் பயிற்சி. முட்டி வலித்தால் நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள், எழுவது சுலபமாகும்.

கேள்வி: தினமும் ஒரு மணி நேரம் வாக்கிங் போகிறேன். போதாதா?

இதயத்துக்கும் சுகருக்கும் மனசுக்கும் நல்லது, விட்டுவிடாதீர்கள். தசைக்குப் போதாது. பார்க்கில் பத்து வருடமாகச் சுற்றி வருபவருக்கு அந்தச் சுற்று ஒரு பாரமே இல்லை, உடம்பு அதற்குப் பழகிவிட்டது. பாரம் கூடினால்தான் தசை வளரும். உலக சுகாதார நிறுவனம் 65 தாண்டியவர்களுக்கு வாரத்தில் இரண்டு நாளாவது தசைப் பயிற்சியும், மூன்று நாள் நிலைதடுமாறாமல் இருக்கும் பயிற்சியும் சொல்கிறது. ஒரு மணி நேரத்தில் பதினைந்து நிமிடத்தை இதற்குத் திருப்பிவிடுங்கள், அவ்வளவுதான்.

கேள்வி: நாங்கள் சைவம். தினமும் கேழ்வரகுக் கஞ்சி குடிக்கிறோம், பருப்பு இல்லாமல் சாப்பாடே இல்லை. புரதம் போதுமல்லவா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐசிஎம்ஆர் என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வயது வந்தவர்களுக்குச் சொல்வது உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம். முதியவர்களுக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும் என்பது இத்துறை நிபுணர்களின் பொதுவான கருத்து. ஏனென்றால் வயதான தசைக்குக் காது கொஞ்சம் மந்தம். சத்தமாகக் கூப்பிட்டால்தான் திரும்பும். 60 கிலோ ஆளுக்கு 60 முதல் 72 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு டம்ளர் கேழ்வரகுக் கஞ்சியில் 30 கிராம் மாவு இருந்தால் புரதம் 2 கிராம்தான். சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகு ராஜா, புரதத்துக்கு இல்லை. ஒரு இட்லிக்கு 2 கிராம். சாம்பாரில் உங்கள் பங்குக்கு வரும் பருப்பு ஒரு கைப்பிடிகூட இருக்காது. நம் வீட்டு சாம்பாரில் பருப்பைவிடத் தண்ணீரும் புளியும்தான் தாராளம். காலை மூன்று இட்லி, மதியம் சாதம் சாம்பார் மோர், ராத்திரி இரண்டு தோசை, இரண்டு காபி என்றால் 40 கிராமைத் தாண்டுவதே பாடு.

எப்படி ஏற்றலாம்? காய்ந்த கொண்டைக்கடலை 50 கிராமைச் சுண்டல் செய்தால் 10 கிராம். மீல்மேக்கர் 30 கிராம் போட்டால் 15 கிராம், மலிவும்கூட. பனீர் 50 கிராமில் 9. பால் 200 மில்லியில் 6. ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7. தோசைக்குப் பதில் பருப்பு தூக்கலான அடை, பச்சைப்பயறு தோசை. முட்டை சாப்பிட மனம் ஒப்பினால் ஒன்றுக்கு 6 கிராம். மொத்தத்தையும் மதியமே கொட்டிவிடாமல் மூன்று வேளைக்கும் பிரித்து வையுங்கள். நம் வீடுகளில் காலையும் இரவும்தான் காலி. பல் கட்டாதவர்களுக்குச் சுண்டலை மசித்துக் கொடுக்கலாம். பல் பிரச்சினையால் புரதத்தை விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: எனக்கு கிரியாட்டினின் 1.9. நானும் இந்த அளவு சாப்பிடலாமா?

கூடாது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு அது, முதலில் சிறுநீரக டாக்டரிடம் கேளுங்கள். மேலே சொன்ன அளவு சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கு. பயிற்சி மட்டும் நீங்களும் செய்யலாம்.

கேள்வி: டிவியில் வரும் புரத மாவு வாங்கலாமா?

டப்பாவைத் திருப்பி, ஒரு வேளை அளவில் எத்தனை கிராம் புரதம், எத்தனை கிராம் சர்க்கரை என்று படியுங்கள். சர்க்கரை அதிகமாக இருந்தால் அது விலை கூடிய மால்ட் பானம். சாப்பிடவே முடியாதவர்களுக்குத் தேவைப்படலாம். மற்றவர்களுக்குச் சுண்டல் போதும்.

கேள்வி: 68 வயது மாமனார் டெங்குவில் பத்து நாள் மருத்துவமனையில் படுத்திருந்தார். ரத்தப் பரிசோதனை எல்லாம் சரி, ஆனால் மாடி ஏற முடியவில்லை.

அந்தப் பத்து நாள்தான் காரணம். 2007இல் வந்த ஒரு ஆய்வில், சராசரி 67 வயதுள்ள ஆரோக்கியமானவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்தார்கள். காய்ச்சல் கிடையாது, ஒன்றும் கிடையாது, சும்மா படுத்திருந்ததுதான். கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ சதை போயிருந்தது. காய்ச்சலும் பசியின்மையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

'பாவம், ரெஸ்ட் எடுக்கட்டும்' என்று கட்டிலுக்கே தட்டைக் கொண்டுபோகும் பாசத்தை நிறுத்துங்கள். சாப்பாட்டு மேசைக்கு வரவழையுங்கள். டாக்டர் சரி என்றதும் கட்டில் விளிம்பிலிருந்து எழுவது காலை ஐந்து, மாலை ஐந்து. வாரத்துக்கு வாரம் கூட்டுங்கள். மாடிக்கு இரண்டு மாதம் பொறுங்கள்.

கேள்வி: எடை குறைக்கும் ஊசி 63 வயதில் போடலாமா?

போடலாமா என்பதை டாக்டர் முடிவு செய்வார். செமாக்ளூடைடு, டிர்செபடைடு இரண்டும் 2025இல் எடைக் குறைப்பு மருந்தாகவே இந்தியச் சந்தைக்கு வந்துவிட்டன, நன்றாக வேலையும் செய்கின்றன. பசியே போய்விடுவதால் புரதமும் உள்ளே போகாது. ஆய்வுகளில், குறைந்த எடையில் கால் பங்கிலிருந்து ஐந்தில் இரண்டு பங்குவரை கொழுப்பல்லாத சதையாக இருந்திருக்கிறது. ஆகவே ஊசி தொடங்கும் அன்றே பளு பயிற்சியும் தொடங்க வேண்டும். தட்டில் முதல் வாய் புரதமாக இருக்கட்டும், அரை வயிற்றில் நிறுத்தினாலும் முக்கியமானது உள்ளே போயிருக்கும்.

கேள்வி: பாட்டிக்கு 88 வயது. இனிமேல் பயிற்சி என்ன செய்யப்போகிறது?

1990இல் பாஸ்டனில் மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவர் முதியோர் இல்லத்திலிருந்த பத்துப் பேருக்கு எட்டு வாரம் காலுக்குப் பளு பயிற்சி கொடுத்தார். சராசரி வயது 90. முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. இரண்டு பேர் கைத்தடியை விட்டுவிட்டார்கள். பாட்டிக்கு இதய நோய், கண் புரை, தலைச்சுற்றல் உண்டா என்று மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள். அப்புறம் கட்டில் கம்பியைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கி இறக்குவதிலிருந்து தொடங்கலாம்.

கேள்வி: அம்மா கேட்கவே மாட்டேன் என்கிறார். 'அடுப்படி வேலையே எனக்கு எக்சர்சைஸ்தான்' என்கிறார்.

எல்லா அம்மாக்களும் இதைத்தான் சொல்கிறார்கள். ஒரு வீட்டில் நான் விவாதம் செய்வதை விட்டுவிட்டு ஒரு மர நாற்காலியை அடுப்படி வாசலில் போட்டேன். குக்கர் ஒரு விசில் அடித்தால் ஐந்து முறை எழுந்து உட்கார வேண்டும், அதுதான் ஒப்பந்தம். பருப்புக்கு நாலு விசில் என்றால் இருபது முறை. முதல் வாரம் இரண்டாவது விசிலிலேயே அடுப்பை அணைத்துவிட்டு, பருப்பு வேகவில்லை என்று என்னையே திட்டினார். இரண்டு மாதம் கழித்துப் போனபோது நாற்காலியில் கை வைக்காமல் எழுந்து வந்து கதவைத் திறந்தார். கொண்டைக்கடலைக்கு ஆறு விசிலாம். சுண்டல் வைக்கும் நாளில் மட்டும் நான் வரத் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்.