மாதம் 650 வெள்ளிக்கு ‘எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’

கேள்வி: பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் 22 வருடம் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தேன். போன வருடம் விஎஸ்எஸ் (இழப்பீட்டுடன் தாமாக விலகும் திட்டம்) வாங்கிக்கொண்டு வெளியே வந்து, இப்போது மற்றத் தொழிற்சாலைகளுக்கு ஆலோசகராகப் போகிறேன். எஸ்எஸ்எம்மில் (நிறுவனங்களைப் பதியும் ஆணையம்) என் பேரில் வியாபாரம் பதிந்தாகிவிட்டது. மாதம் நாலைந்து பில், சுமார் 9,000 வெள்ளி (ரிங்கிட்) வரும். வேலை கையில் இருக்கிறது, பேப்பர் வேலைதான் தலைவலி. பில், கணக்கு, வரி, அலுவலக முகவரி, தொலைபேசி எல்லாம் பார்த்துக்கொள்ள ஒரு நிறுவனம் மாதம் 650 வெள்ளி கேட்கிறது. வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் 7,000. எடுக்கலாமா? அவர்களின் விலைப்பட்டியலை இணைத்துள்ளேன்.
- ஜெலுத்தோங் வாசகர், பினாங்கு

பதில்: பட்டியலை இரண்டு தடவை படித்தேன். பத்துச் சேவைகள் இருக்கின்றன. உங்களுக்கு ஆகக்கூடியது இரண்டு, மிஞ்சினால் மூன்று.

‘சம்பளக் கணக்கு, இபிஎஃப், சொக்சோ நிர்வாகம்’ என்று ஒரு சேவை, அதாவது தொழிலாளர்களின் சேமநிதி, சமூகப் பாதுகாப்புச் சந்தா வேலை. உங்களிடம் வேலைக்கு ஆளே இல்லை, யாருக்குச் சம்பளக் கணக்கு? ‘கம்பெனி செகரட்டரி’ என்று இன்னொன்று. அது சென்டிரியான் பெர்ஹாட் (தனியார் வரையறுக்கப்பட்ட) நிறுவனங்களுக்குச் சட்டப்படி தேவை. உங்களைப் போலத் தனியாள் வியாபாரம் பதிந்தவருக்குத் தேவையில்லை. ‘எஸ்எஸ்எம் புதுப்பிப்பு, 180 வெள்ளி’ என்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். சொந்தப் பெயரில் பதிந்திருந்தால் ஆண்டுக் கட்டணம் 30 வெள்ளி, வியாபாரப் பெயர் என்றால் 60. இணையத்திலேயே கட்டிவிடலாம்.

மின்-விலைப்பட்டியல் (இ-இன்வாய்ஸ், அதாவது மின்னணு பில்) மென்பொருளுக்கும் தனியாகப் போட்டிருக்கிறார்கள். உங்கள் வருமான அளவுக்கு அது இன்னும் கட்டாயம் இல்லை. வாடிக்கையாளர் கேட்டாலும் வருமான வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளம் இலவசம்.

சரி, மிச்சம் என்ன? கணக்கும் வரியும். இதில்தான் மாதச் சம்பளக்காரராக இருந்தவர்கள் தடுமாறுகிறார்கள். இனி உங்களுக்குச் சம்பளக்காரர்களுக்கான பிஇ வரிப் பாரம் இல்லை, வியாபாரம் செய்பவர்களுக்கான பி பாரம். கடைசி நாள் ஏப்ரல் 30 அல்ல, ஜூன் 30. முதல் தடவை பாரம் போட்டபின், அடுத்த வருடங்களில் சிபி500 என்று ஒரு கடிதம் வரும். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வரியை முன்கூட்டியே கட்டச் சொல்லும். முதலாளி பிடித்துக் கட்டிய காலம் போய்விட்டது. பில் பணம் வந்த அன்றே ஒரு பங்கை வேறு கணக்கில் ஒதுக்கி வையுங்கள். கணக்குப் புத்தகமும் ரசீதுகளும் 7 வருடம் உங்களிடம் இருக்க வேண்டும்.

ரசீது என்றதும் ஒன்று. பெட்ரோல் நிலையத்தில் தரும் வழவழப்பான தாள் ஆறு மாதத்தில் வெள்ளைக் காகிதமாகிவிடும். வாங்கிய கையோடு போனில் படம் எடுத்து, மாதவாரியாகப் போட்டுவிடுங்கள். வேலைக்காகப் பாலம் தாண்டிப் பிறைக்கோ கூலிமுக்கோ போனால் டோல் செலவுக்கு டச் அண்ட் கோ (டோல் கட்டும் அட்டை) அறிக்கையை இறக்கி வைத்துக்கொள்ளலாம். இதை எந்த நிறுவனமும் உங்களுக்காகச் செய்யப்போவதில்லை. 650 கட்டினாலும் ‘ரசீதை அனுப்புங்கள்’ என்று உங்களிடம்தான் கேட்பார்கள்.

நான் சொல்வது இதுதான். நாலைந்து பில்லை நீங்களே போடுங்கள், அரை மணி நேர வேலை. கணக்கெழுத ஒருவரை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை வரி முகவரிடம் போங்கள்.  வரி முகவர் 1967 வருமான வரிச் சட்டத்தின் 153ஆம் பிரிவின்கீழ் உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும். பெயரை வாரியத்தின் தளத்தில் தேடிப் பாருங்கள். முகவர்கள் பாரம் அனுப்பத் தனி வழி இருக்கிறது, அதனால் உங்கள் மைடேக்ஸ் (வாரியத்தின் இணையக் கணக்கு) கடவுச்சொல்லைக் கேட்கிறவரிடம் கொடுக்காதீர்கள். யார் பாரத்தை நிரப்பினாலும், தப்பு நேர்ந்தால் அபராதம் உங்கள் பேரில்தான் வரும்.

தொலைபேசி எடுக்க ஆள் இப்போது வேண்டாம். அழைப்பு அதிகமாகி, தொழிற்சாலைக்குள் நிற்கும்போது எடுக்க முடியாமல் வேலை தவறினால் அப்போது மணிக்கணக்கில் ஓர் உதவியாளரை அமர்த்தலாம். முகவரிச் சேவையும் அப்படித்தான். வீட்டு முகவரியை வெளியே காட்ட விருப்பமில்லை என்றால் மட்டும் எடுங்கள். கோலாலம்பூரில் நான் அப்படி ஒன்று எடுத்திருந்தேன். வரி வாரியத்தின் கடிதம் ஆறு வாரம் அவர்கள் மேசைத் தட்டில் கிடந்தது. கேட்டதற்கு, ‘தபாலை நீங்கள்தான் வந்து பார்க்க வேண்டும்’ என்றார்கள். ஒப்பந்தத்திலும் அப்படித்தான் இருந்தது. நான்தான் படிக்கவில்லை.

அப்புறம், மொத்தமாக 7,000 கட்டினால் 800 மிச்சம் என்று ஆசைப்படாதீர்கள். பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறதே, 5 வெள்ளி கட்டிப் புகார் கொடுக்கலாமே என்று நினைப்பீர்கள். அந்தச் சட்டம் சொந்த உபயோகத்துக்கும் வீட்டுக்கும் வாங்குகிற பொருள், சேவைகளுக்கானது. தொழிலுக்கு வாங்கிய அலுவலகச் சேவை அதில் அடங்காது என்று எதிர்த்தரப்பு முதல் நாளே வாதாடும். மிஞ்சுவது, தொகை அதன் வரம்புக்குள் இருந்தால், மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்கு. வக்கீல் இல்லாமல் நீங்களே போய் நிற்க வேண்டும்.

அவர்களிடமே எடுக்க நினைத்தால், கணக்கையும் வரியையும் மட்டும் தனியாக விலை கேளுங்கள். மாதாமாதம் கட்டுவதாகச் சொல்லுங்கள். விலகும்போது எத்தனை நாள் முன்னறிவிப்பு, உங்கள் கணக்குக் கோப்புகளை எத்தனை நாளில் திருப்பித் தருவார்கள் என்று இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தர யோசித்தால் அடுத்தவரிடம் போங்கள். தாமானுக்குத் தாமான் (குடியிருப்புப் பகுதிதோறும்) கணக்கெழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்.