பச்சை உடம்பும் பாதிக் கதையும்

வணக்கம் அக்கா,

போன தருமபுரி புத்தகத் திருவிழாவில் உங்களிடம் கையெழுத்து வாங்கினேன். அப்போது பாப்பா வயிற்றில். கூட்டமாக இருந்ததால் பேச முடியவில்லை.

எங்கள் ஊர் மாரண்டஅள்ளி பக்கம். தனியார் பள்ளியில் தமிழ் டீச்சராக இருந்தேன். சிற்றிதழ்களில் சில கதைகள் வந்திருக்கின்றன. பாப்பாவுக்கு இப்போது எட்டு மாதம். வேலையை விட்டாச்சு. அவர் ஓசூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறார், வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். மாமனார் மாமியார் பட்டுப்புழு வளர்க்கிறார்கள். மாமியார் நல்லவர்தான், ஆனால் பகலில் கொஞ்சம் கண்ணயர்ந்தால் “புள்ள தூங்கும்போது துணியாச்சும் மடிக்கலாமில்ல” என்பார்.

பிரசவத்துக்குப் பிறகு ஒரு கதைகூட முடிக்கவில்லை. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து எழுது என்று தோழிகள் சொல்கிறார்கள். எழுந்து பார்த்தேன். நான் உட்கார்ந்ததும் பாப்பா விழித்துக்கொள்கிறாள். எழுதினால் பிள்ளையைக் கவனிக்கவில்லையோ என்றும், பிள்ளையைக் கவனித்தால் இனி எழுதவே மாட்டேனோ என்றும் இருக்கிறது. படுத்தால் இரண்டையும் செய்யவில்லையே என்று. சில ராத்திரி காரணமே இல்லாமல் அழுகை வருகிறது. மூத்த எழுத்தாளர் ஒருவர் “குழந்தைதானம்மா இப்போ உன் கவிதை” என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார், எனக்கு ஏனோ கோபம் வந்தது.

நீங்கள் இரண்டு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு எப்படி எழுதினீர்கள்? பாதியில் நிற்கும் கதை ஒன்றை இணைத்திருக்கிறேன். ஒரு இதழில் கேட்டார்கள், இந்த மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும். முடிப்பதா, விட்டுவிடுவதா?

(பெயர் வேண்டாம் அக்கா)

---

அன்புள்ள தங்கைக்கு,

கதையை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்த அழுகை. மேலோட்டமாக ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள், எனக்கு அந்த வரிதான் கண்ணில் நிற்கிறது. பிள்ளை பெற்ற சில நாட்களுக்கு அழுகை வருவதும் போவதும் சகஜம். எட்டாம் மாதத்திலும் வருகிறது, இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கிறது, பசியும் தூக்கமும் மாறியிருக்கிறது என்றால் அது எழுதாததால் வரும் ஏக்கம் மட்டுமாக இருக்காது. பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வு என்று ஒன்று உண்டு, அதற்கு வைத்தியமும் உண்டு. தடுப்பூசிக்குப் போகும்போது நர்ஸம்மாவிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். தருமபுரி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல டாக்டர்கள் இருக்கிறார்கள். அவ்வளவு தூரம் போகத் தயக்கமாக இருந்தால் 14416-க்குப் போன் போடுங்கள். டெலி மானஸ் என்று அரசாங்கமே நடத்துவது, காசு கிடையாது, தமிழில் பேசுவார்கள். ‘பைத்தியத்துக்குப் பார்க்கிற டாக்டரா’ என்று வீட்டில் யாராவது கேட்டால், அக்கா சொன்னாள் என்று என் பேரைப் போடுங்கள்.

இப்போது அந்த நாலு மணி. இந்த யோசனையைச் சொல்பவர்கள் எல்லோருமே ராத்திரி முழுக்கத் தூங்கியவர்கள் என்பது என் கணிப்பு. அமெரிக்க எழுத்தாளர் டோனி மாரிசன் விடியற்காலையில் எழுந்து எழுதினார், பதிப்பகத்தில் வேலை பார்த்துக்கொண்டு இரண்டு பையன்களைத் தனியாக வளர்த்தார், நோபல் வாங்கினார் என்று உங்களிடமும் சொல்லியிருப்பார்கள். எல்லாம் நிஜம்தான். ஆனால் அவருடைய முதல் நாவல் வந்தது 1970-ல், முப்பத்தொன்பது வயதில். அதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. ராத்திரி மூன்று தடவை எழுந்து பால் கொடுப்பவள் நாலு மணிக்கும் எழுந்தால் அதற்குப் பேர் ஒழுக்கம் இல்லை, உடம்பைக் கெடுத்துக்கொள்வது. எட்டு மாதம் ஆனாலும் உங்களுடையது பச்சை உடம்புதான். பாப்பா தூங்கினால் தூங்குங்கள். துணி மடிக்காமல் கிடந்தால் துணிக்கு ஒன்றும் ஆகாது.

எழுத நேரம் வேண்டும் என்றதும் நாம் எல்லோரும் கை வைக்கிற முதல் இடம் நம்முடைய தூக்கம். அதுதான் எனக்கு ஆத்திரமாக வருகிறது. வீட்டில் வேறு யாருடைய நேரத்தையும் தொடாமல், சத்தமில்லாமல், எவருக்கும் தெரியாமல் எடுத்துக்கொள்ளக் கூடியது அது ஒன்றுதான். 2019-ல் மத்திய அரசின் புள்ளியியல் துறை, யார் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் செலவிடுகிறார்கள் என்று நாடு முழுக்க ஒரு கணக்கு எடுத்தது. சம்பளமில்லாத வீட்டுவேலைக்குப் பெண்கள் ஒரு நாளைக்குச் செலவழிப்பது 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். அந்த 97-ம் வீட்டுவேலை செய்கிற ஆண்களின் சராசரிதான், அப்படிச் செய்கிறவர்கள் நாலில் ஒருவர். 2024-ல் மறுபடி எடுத்தார்கள். பெண்களுக்கு 289 ஆகக் குறைந்திருந்தது. அடடா என்று சந்தோஷப்பட்டுப் பக்கத்தில் பார்த்தால் ஆண்களுக்கும் 88 ஆகக் குறைந்திருக்கிறது! பிள்ளையைப் பார்த்துக்கொள்வது இந்தக் கணக்கில் இல்லை, அது தனி.

ஆகவே உங்கள் எழுத்து நேரம் இருக்கும் இடம் விடியற்காலை நாலு மணி இல்லை. உங்கள் வீட்டுக்காரரின் ஷிப்ட் அட்டவணையில் இருக்கிறது. மதியம் போகிற பி ஷிப்ட் வாரம் வந்தால் காலையில் அவர் வீட்டில்தானே இருப்பார்? ராத்திரி முழுக்க சி ஷிப்ட் முடித்து வருகிறவரைக் கேட்காதீர்கள், அது பாவம். பி ஷிப்ட் வாரத்தில் ஒன்பதிலிருந்து பதினொன்று வரை பாப்பா அவர் பொறுப்பு என்று பேசி வையுங்கள். தினமும் வேண்டாம், வாரத்தில் இரண்டு காலை போதும். ‘முடிஞ்சா கொஞ்சம் பாத்துக்கோங்க’ என்று கேட்டால் நடக்காது. கிழமை சொல்லி, மணி சொல்லிக் கேளுங்கள். பாப்பா அழுதால் அவரே சமாளிக்கட்டும், பத்து நிமிடத்தில் கதவைத் தட்டிக் கொண்டுவந்து கொடுத்தால் அது கணக்கில் சேராது. முதல் சில தடவை நீங்களே எழுந்து ஓடுவீர்கள். முடிந்தால் வீட்டுக்குள் இருக்காதீர்கள். நான் காவேரிப்பட்டணத்தில் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளைப் பெரியக்கா வீட்டில் விட்டுவிட்டுக் கிளை நூலகத்துக்குப் போவேன். அக்கா எழுத்தையெல்லாம் பெரிதாக மதித்தவள் இல்லை. “போ, போயி என்னமோ எழுது” என்பாள். ஆனால் ஒரு ஞாயிறுகூட மாட்டேன் என்றதில்லை. என் முதல் தொகுப்பில் பாதி அவள் போட்ட பிச்சை.

வாரா வாரம் இப்படி அமையும் என்றும் இல்லை. மாங்காய்க் காலம் வந்தால் எங்கள் வீட்டில் எழுத்து நின்றுவிடும். பெங்களூரா காய் வண்டியேறி முடிகிற வரைக்கும் பேனாவைத் தொட முடியாது. அதற்காக நான் அழுததில்லை, திட்டியிருக்கிறேன்.

உங்கள் மாமியாரைப் பற்றி ஒன்று. பட்டுப்புழு வளர்க்கிற வீடு என்று எழுதியிருந்தீர்கள். இளம்புழுவாக வாங்கி வந்திருப்பார்கள், அதனால் மூன்றாவது, நாலாவது தோலுரிப்பு உங்கள் வீட்டில் நடக்கும். அப்போது அவர் என்ன செய்கிறார் என்று கவனித்திருக்கிறீர்களா? நேற்றுவரை மல்பெரியைக் கொப்பு கொப்பாக வெட்டிப் போட்டவர் அன்றைக்கு ஓர் இலை போடமாட்டார். புழு எல்லாம் தலையைத் தூக்கியபடி அசையாமல் கிடக்கும். புதிதாகப் பார்க்கிறவர்கள் செத்துப்போச்சு என்றே நினைப்பார்கள். அவர் பதறமாட்டார். படுக்கை ஈரம் காயச் சுண்ணாம்புத் தூளைத் தூவிவிட்டு விட்டுவிடுவார். முழுசாக ஒரு நாள்கூட ஆகும். ஒன்றிரண்டு சீக்கிரம் விழித்துவிட்டதே என்று முந்திக்கொண்டு இலை போட்டால் புழு வளர்க்கும் மனை முழுக்க ஏறுக்குமாறாகிவிடும் என்று அவருக்குத் தெரியும். நாலாவது முடிந்து எழுந்ததும் தின்னும் பாருங்கள், ஆயுசுக்கும் தின்கிற இலையில் எண்பது சதவீதத்துக்கு மேல் அந்தக் கடைசி ஒரு வாரத்தில்தான். ராத்திரி போனால் மழை பெய்கிற மாதிரி சத்தம் கேட்கும். புழு சும்மா கிடக்கிறதே என்று அவர் கோபித்து நான் கேள்விப்பட்டதில்லை. அந்த நியாயம் மருமகளுக்கும் உண்டு என்று சிரித்துக்கொண்டே ஒருநாள் சொல்லிப் பாருங்கள். புரிந்துகொள்வார் என்று நினைக்கிறேன், தொழில் தெரிந்தவர்களுக்கு ஓய்வின் கணக்கு தெரியும். (உவமையை இதற்கு மேல் இழுக்கமாட்டேன். கூடு கட்டிய புழுவைக் கடைசியில் வெந்நீரில்தானே போடுகிறோம்.)

சரி, கிடைக்கிற துண்டு துண்டான நேரத்தில் என்ன செய்வது? கதை எழுதாதீர்கள். பத்து நிமிடத்தில் கதைக்குள் போகவே முடியாது, போகிற நேரத்தில் குக்கர் கூப்பிட்டுவிடும். எரிச்சல்தான் மிச்சமாகும். அந்த நேரத்துக்குக் குறிப்பு போதும். இரண்டு கையும் பாப்பாவிடம் இருந்தால் போனில் பேசிப் பதிவு செய்யுங்கள். வாயால் சொல்லி எழுதுவது ஒன்றும் மட்டமான காரியம் இல்லை. வை.மு. கோதைநாயகி அம்மாளுக்கு ஐந்தரை வயதில் கல்யாணம். கதை கட்டத் தெரியும், எழுதத் தெரியாது. முதல் நாடகத்தை அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதினார். அதற்குப் பிறகு எழுதக் கற்றுக்கொண்டு 115 நாவல்கள் எழுதினார், ஜகன்மோகினி பத்திரிகையையும் நடத்தினார். உங்களுக்குப் பட்டம்மாள் இல்லை, போன் இருக்கிறது. என் மகன் கைக்குழந்தையாக இருந்தபோது இந்த வசதி இல்லை, பால் கணக்கு எழுதும் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிவைப்பேன். “கிழவி பல்செட்டைக் கழட்டிவிட்டுச் சிரிக்கிறாள்” என்று ஒரு வரி. எதற்கு எழுதினேன் என்றே மறந்துபோய், பல வருடம் கழித்து ஒரு கதைக்குள் வந்து உட்கார்ந்தது.

அந்த மூத்த எழுத்தாளருக்கு வருகிறேன். உங்கள் கோபம் நியாயமானது. அவருக்கும் பிள்ளைகள் இருப்பார்கள், அவர்கள் பிறந்தபோது ‘இவங்கதான் இனி உங்க கவிதை, பேனாவை மூடி வைங்க’ என்று எவரும் அவரிடம் சொல்லியிருக்கமாட்டார்கள். பாப்பா பாப்பாதான். அவளைக் கவிதையாக்கினால் அவளுக்கும் கஷ்டம், கவிதைக்கும் கஷ்டம். நம் தகடூரில் ஔவைக்கு நீண்ட நாள் வாழ நெல்லிக்கனி கொடுத்தான் அதியமான். நல்ல மனசு, ஒப்புக்கொள்கிறேன். நமக்குக் கனிகூட வேண்டாம், இரண்டு மணி நேரம் பிள்ளையைப் பிடித்துக்கொள்ள ஆள் கொடுத்தால் போதும்.

எப்படி எழுதினீர்கள் என்று கேட்டீர்கள். பல வருடம் எழுதவில்லை என்பதுதான் பதில். மூத்தவள் பிறந்ததிலிருந்து சின்னவன் பள்ளிக்கூடம் போகிறவரை ஒரு கதையும் முடிக்கவில்லை. படித்தேன், அதுவும் பொட்டலம் கட்டிவரும் வார இதழ்த் தாளைக்கூட விடாமல். அந்த வருடங்களைத் திருப்பிக் கேட்கும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் அப்போது யாராவது ‘நீ இன்னும் எழுத்தாளர்தான்’ என்று சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதனால் உங்களுக்கு நான் சொல்கிறேன்.

இதழுக்கு இன்றைக்கே ஒரு வரி எழுதிவிடுங்கள். இந்த இதழுக்கு முடியாது, அடுத்ததற்கு முயல்கிறேன் என்று. காரணம் விளக்க வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம். ஆசிரியர்களுக்கு இது பழக்கம். கதை வராத இடத்தில் கவிதையைப் போட்டு நிரப்பிக்கொள்வார்கள்.

பாதிக் கதையைப் படித்தேன். விடாதீர்கள், நன்றாக இருக்கிறது. தருமபுரி பட்டுக்கூடு மார்க்கெட்டில் வியாபாரி ஒரு கூட்டை எடுத்துக் காதோரம் ஆட்டிப் பார்க்கிற இடம் இருக்கிறதே, அதை அங்கே நின்று பார்த்தவரால்தான் எழுத முடியும். அந்த அம்மா ஏலத்தைப் பார்க்காமல் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருப்பதும் சரியாக விழுந்திருக்கிறது. ஆனால் முதல் இரண்டு பக்கமும் மாதிரிக் கட்டுரை போல இருக்கிறது, டீச்சர் வாசனை. வெட்டிவிட்டு நேராக மார்க்கெட்டில் தொடங்குங்கள். அப்புறம், கிலோ என்ன விலைக்குப் போனது என்று எழுதாமல் விட்டுவிட்டீர்கள். கூடு விற்றுவந்த வீட்டில் அன்று ராத்திரி வேறு எதைப் பேசுவார்கள்? தோராயமாகப் போடாதீர்கள், மாமியாரிடம் கேளுங்கள். ஒவ்வொரு தடவை விற்ற விலையும் அவருக்கு மனப்பாடமாக இருக்கும்.

அன்புடன்,
அக்கா