குறுந்தொகை 25: குருகைத் தூய்மையின் குறியீடு என்று எழுதலாமா?

குறுந்தொகை 25-இல் வரும் குருகு (கொக்கு இனப் பறவை) பற்றி உங்கள் கட்டுரையில் “குருகு வெள்ளை, அதனால் தலைவியின் தூய்மைக்குக் குறியீடு” என்று எழுதியிருக்கிறீர்கள். அதை எடுத்துவிடுங்கள். கபிலர் அந்தப் பாட்டில் குருகு வெள்ளை என்று சொல்லவே இல்லை.

பறவையின் பெயரை விட்டுவிட்டு அதன் வினையைப் பிடியுங்கள்: “ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்”. ஓடும் நீரில் ஆரல் மீனுக்காகக் காத்து நிற்கிறது. தினைத்தாள் போன்ற மெல்லிய பசுங்கால்கள் மட்டும் தெரிகின்றன. கண் முழுக்க மீனில். தலைவனும் தலைவியும் களவில் (மணத்துக்கு முன் மறைவாக) கூடிய அன்று, அவர்களைத் தவிர அங்கே இருந்ததாகத் தலைவி சொல்லும் ஒரே உயிர் அது; அவன் பொய்த்தால் சாட்சி அது ஒன்றுதான். ஆனால் எதையும் பார்த்திருக்காது. பார்த்திருந்தாலும் பேசாது. “யாரும் இல்லை” என்று தொடங்கியவள் “குருகும் உண்டு” என்று முடிக்கிறாளே, அந்த ‘உம்’மில்தான் அவள் தவிப்பு முழுதும் இருக்கிறது! இரைமேலேயே கண்ணான குருகில் தலைவனின் சாயலையும் காணலாம். அதை உங்கள் வாசிப்பாகவே எழுதுங்கள்.

பறவைக்கு நிலையான பொருள் கொடுத்தால் எங்கே இடிக்கும் என்றால், குறள் 490-இல் இதே கொக்கின் காத்திருப்பு பாராட்டப்படுகிறது: “கொக்கொக்க கூம்பும் பருவத்து” (காத்திருக்க வேண்டிய காலத்தில் கொக்கைப் போல் அடங்கியிரு). இரண்டையும் அருகருகே வைத்துக் கட்டுரையைத் தொடங்குங்கள்.